அமெரிக்கன் ஃபுட்பால் டீம்லாம் ஏன் பேரு மாத்துறாங்க? புதுசா பாக்குறவங்களுக்கு ஒரு விளக்கம்

என்எஃப்எல் புதுசா பாக்க ஆரம்பிக்கிற யாரா இருந்தாலும் ஒரு கட்டத்துல இங்க வந்து முழிப்பாங்க. யூட்யூப்ல பழைய மேட்ச் எதையாவது தேடிப் பாத்தா ஹூஸ்டன் ஆயிலர்ஸ்னு ஒரு டீம் வெளிர் நீல ஜெர்சில ஆடிட்டு இருக்கும், ஆனா இப்போ இருக்கிற 32 டீம்ல அப்படி ஒண்ணு கிடையாது. ஹூஸ்டன்ல இப்போ இருக்கிறது டெக்சன்ஸ். சரி, ஆயிலர்ஸ்தான் பேர மாத்தி டெக்சன்ஸ் ஆயிடுச்சு போலனு நினைச்சா அதுவும் தப்பு, ஆயிலர்ஸ் ஊரையே காலி பண்ணிட்டு டென்னசி மாநிலத்துக்குப் போயி டைட்டன்ஸ் ஆயிடுச்சு. இதுல கூத்து என்னன்னா டைட்டன்ஸ்ங்கிற பேரு அதுக்கு முன்னாடி நியூயார்க்ல ஒரு டீமோடது, டெக்சன்ஸ்ங்கிற பேரு டல்லாஸ்ல ஒரு டீமோடது, அந்த டல்லாஸ் டீம்தான் இன்னைக்கு எல்லாரும் பாக்குற கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ். தல சுத்துதுல்ல? பொறுமையா ஒண்ணொண்ணா பாப்போம்.

முதல்ல ஒரு விஷயம், இங்க ஃபுட்பால்னா மெஸ்ஸி ஆடுறது இல்ல, ஹெல்மெட் போட்டுட்டு ரெண்டு பக்கமும் கூர்மையா இருக்கிற பந்த கையில புடிச்சுட்டு ஓடுறாங்களே அது. அந்த ஆட்டத்துக்கான பெரிய லீக்தான் என்எஃப்எல்.

நம்ம ஐபிஎல்லயும் பேரு மாறுறத பாத்திருக்கோம், டெல்லி டேர்டெவில்ஸ் டெல்லி கேப்பிடல்ஸ் ஆச்சு, கிங்ஸ் லெவன் பஞ்சாப் வெறும் பஞ்சாப் கிங்ஸ் ஆச்சு. ஆனா அங்கல்லாம் டெல்லி டெல்லியாவேதான் இருந்துச்சு, பஞ்சாப் பஞ்சாப்பாவேதான் இருந்துச்சு. அமெரிக்காவுல ஓனர் நினைச்சா டீமத் தூக்கிட்டு ஆயிரம் மைல் தள்ளி வேற ஊருக்குப் போயிடலாம். மத்த ஓனர்களோட சம்மதம் மட்டும் வேணும், 32 பேர்ல 24 பேர் சரின்னு ஓட்டுப் போட்டா போதும். இத்தனை வருஷமா டிக்கெட் வாங்கி, மழையிலயும் பனியிலயும் ஸ்டேடியத்துல உக்காந்து கத்துன ரசிகனுக்கு அதுல ஒரு ஓட்டு கூட கிடையாது. கிரீன் பே பேக்கர்ஸ் மட்டும் விதிவிலக்கு, அதோட ஷேர் பொதுமக்கள் கையில இருக்கு, மத்ததெல்லாம் பணக்காரக் குடும்பங்களோட சொத்து.

இந்த சொத்துங்கிற வார்த்தைய மனசுல வெச்சுக்கங்க. டீமோட பேரு, லோகோ, கலரு எல்லாமே ட்ரேட்மார்க், அதாவது ஒருத்தருக்குச் சொந்தமான பொருள். பேரு எப்போ மாறும் எப்போ மாறாதுங்கிறதுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க, பாரம்பரியம்பாங்க, மரியாதம்பாங்க, புது ஆரம்பம்பாங்க. நான் பாத்த வரைக்கும் அந்தப் பேரால ஓனருக்குக் காசு வருதா போகுதாங்கிறத மட்டும் பாத்தாலே முக்கால்வாசி கதை புரிஞ்சிடும்.

ஆரம்ப காலத்துல இது ரொம்ப வெளிப்படையாவே இருந்துச்சு. சிகாகோ பேர்ஸ் டீம் 1920ல பொறந்தப்போ அதோட பேரு டெக்கேட்டர் ஸ்டேலீஸ். இல்லினாய்ஸ் மாநிலத்துல டெக்கேட்டர்ங்கிற ஊர்ல ஸ்டேலினு ஒரு ஸ்டார்ச் கம்பெனி, அந்தக் கம்பெனி டீம்தான் இது, நடத்துறதுக்கு ஜார்ஜ் ஹாலஸ்னு ஒரு இளைஞர வேலைக்கு வெச்சாங்க. அடுத்த வருஷமே கம்பெனிக்குக் கட்டுப்படியாகல, நீயே டீம எடுத்துட்டு சிகாகோ போப்பா, ஆனா இன்னும் ஒரு சீசனுக்கு எங்க பேரையே வெச்சுக்கணும்னு சொல்லி 5,000 டாலர் கொடுத்து அனுப்புனாங்க. இன்னைக்கு ஸ்பான்சர்ஷிப்னு சொல்றோமே, அது அன்னைக்கே இருந்திருக்கு. 1922ல அந்த ஒப்பந்தம் முடிஞ்சதும் ஹாலஸ் பேர மாத்துனாரு. அவங்க ஆடுன மைதானம் கப்ஸ்ங்கிற பேஸ்பால் டீமோடது, கப்னா கரடிக்குட்டி, பேஸ்பால் ஆடுறவன் குட்டின்னா அவனவிட ஆளு பெருசா இருக்கிற எங்க பசங்க முழுக்கரடின்னு சொல்லி பேர்ஸ்னு வெச்சுட்டாரு. (அதே 1922லதான் லீக்கும் தன்னோட பழைய பேர விட்டுட்டு என்எஃப்எல்னு மாறுச்சு, ஆக பேரு மாத்துற பழக்கம் அந்த வீட்டுல பெரியவங்ககிட்டயே இருந்திருக்கு.)

அந்தக் காலத்துல பேஸ்பால்தான் ராஜா, ஃபுட்பால் அதோட மைதானத்துல வாடகைக்கு ஆடுற விளையாட்டு. அதனால பேஸ்பால் டீமோட பேர அப்படியே சுட்டுக்குவாங்க, இல்ல அதுக்குப் பக்கத்துல வர்ற மாதிரி ஒண்ணு வெப்பாங்க. பிட்ஸ்பர்க் டீம் 1933ல ஆரம்பிச்சப்போ பைரேட்ஸ், ஏன்னா ஊர்ல பேஸ்பால் டீமும் பைரேட்ஸ், 1940லதான் போட்டி வெச்சு, ஊரோட இரும்பு ஆலைகளை நினைச்சு ஸ்டீலர்ஸ்னு மாத்துனாங்க. ஒஹாயோவுல போர்ட்ஸ்மவுத்னு ஒரு சின்ன ஊர்ல ஸ்பார்ட்டன்ஸ்னு ஒரு டீம் இருந்துச்சு, பொருளாதார மந்தத்துல தாக்குப்புடிக்க முடியாம கிடந்தத ஒரு ரேடியோ ஸ்டேஷன் முதலாளி 8,000 டாலர் கிட்ட கொடுத்து வாங்கி 1934ல டெட்ராய்ட் கொண்டுபோனாரு, அங்க பேஸ்பால் டீம் டைகர்ஸ், அதனால இது லயன்ஸ். புலி இருக்கிற ஊர்ல சிங்கம், அவ்வளவுதான் லாஜிக்.

ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இன்னொரு கூத்து, ஆளுங்கல்லாம் பட்டாளத்துக்குப் போயிட்டதால 1943ல பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸும் ஒரே டீமா சேந்து ஆடுனாங்க, மக்கள் அதுக்கு ஸ்டீகிள்ஸ்னு பேரு வெச்சுட்டாங்க. அடுத்த வருஷம் பிட்ஸ்பர்க் சிகாகோ கார்டினல்ஸோட சேந்து ஆடி பத்து மேட்ச்லயும் தோத்துச்சு, அத நினைவுபடுத்த வேண்டாம்.

இப்போ அந்த டைட்டன்ஸ், டெக்சன்ஸ் குழப்பத்துக்கு வருவோம். 1960ல என்எஃப்எல்லுக்குப் போட்டியா ஏஎஃப்எல்னு ஒரு லீக் ஆரம்பிச்சாங்க, பின்னாடி அது என்எஃப்எல்லோடயே சேந்துடுச்சு. அதுல நியூயார்க் டீம் பேரு டைட்டன்ஸ், ஓனர் ஹாரி விஸ்மர்னு ஒரு ரேடியோ கமெண்டேட்டர். மனுஷன்கிட்ட பேச்சு இருந்த அளவுக்குப் பணம் இல்ல, சம்பள செக் கொடுத்தா பிளேயர்லாம் ஒருத்தருக்கு முன்னாடி ஒருத்தர் பேங்குக்கு ஓடுவாங்களாம், லேட்டாப் போனவனுக்கு செக் திரும்பி வந்துடும். கடைசியில டீம் திவாலாகி 1963ல சோனி வெர்ப்ளின்னு ஒரு சினிமா, டிவி உலகத்து ஆளும் அவரோட கூட்டாளிங்களும் 10 லட்சம் டாலருக்கு வாங்குனாங்க. கடன்கார டீம்னு பேரெடுத்த அந்தப் பேர எவன் வெச்சுக்குவான்? ஜெட்ஸ்னு மாத்திட்டாங்க, புதுசா கட்டிட்டு இருந்த ஷே ஸ்டேடியம் லகார்டியா ஏர்போர்ட் பக்கத்துல, போதாக்குறைக்கு அந்த ஸ்டேடியத்த பங்கு போடப்போற பேஸ்பால் டீம் மெட்ஸ், மெட்ஸ் ஜெட்ஸ்னு எதுகையும் அமைஞ்சிடுச்சு. ஆறே வருஷத்துல அதே ஜெட்ஸ் சூப்பர் பவுலே, அதாவது சீசனோட பெரிய ஃபைனலே ஜெயிச்சுட்டாங்க, அப்புறம் யாருக்கு டைட்டன்ஸ் ஞாபகம் இருக்கும்.

அதே 1963ல டல்லாஸ் டெக்சன்ஸும் கிளம்புச்சு. ஓனர் லமார் ஹண்ட், அந்த ஏஎஃப்எல்ல ஆரம்பிச்சதே அவருதான். டல்லாஸ்ல என்எஃப்எல்லோட கவ்பாய்ஸும் இருந்ததால ஒரே ஊர்ல ரெண்டு டீமுக்கு கூட்டம் சேரல. கன்சாஸ் சிட்டி மேயர் பார்ட்டில் வந்து எங்க ஊருக்கு வாங்கன்னு கூப்பிட்டாரு. ஹண்டுக்குப் பேரு மாத்தவே மனசில்ல, கன்சாஸ் சிட்டி டெக்சன்ஸ்னே வெச்சுக்கலாமேனு சொல்லிருக்காரு, கூட இருந்தவங்கதான் ஐயா அது வேற மாநிலம்னு எடுத்துச் சொல்லி மாத்த வெச்சாங்க. அந்த மேயரோட பட்டப்பேரு சீஃப், அப்படித்தான் டீமும் சீஃப்ஸ் ஆச்சு.

ஹண்ட் கேட்டது ஒண்ணும் அவ்வளவு விசித்திரமில்ல, ஊரு மாறியும் பேர மாத்தாதவங்கதான் அதிகம். ராம்ஸ் கிளீவ்லண்ட்ல இருந்து லாஸ் ஏஞ்சலஸ், அங்கிருந்து செயின்ட் லூயிஸ், 2016ல திரும்ப லாஸ் ஏஞ்சலஸ், எங்க போனாலும் ராம்ஸ்தான். ரெய்டர்ஸ் ஓக்லண்ட், லாஸ் ஏஞ்சலஸ், மறுபடி ஓக்லண்ட், 2020ல இருந்து லாஸ் வேகஸ், பேருல கை வெக்கல, ஏன்னா அந்தக் கறுப்பு வெள்ளி ஜெர்சி எந்த ஊர்லயும் விக்கும். கார்டினல்ஸ் 1960ல சிகாகோவ விட்டு செயின்ட் லூயிஸ் போனப்போ அங்க ஏற்கனவே கார்டினல்ஸ்னு பிரபலமான பேஸ்பால் டீம் இருந்துச்சு, அப்பவும் மாத்தல, ஊர்க்காரங்க ஃபுட்பால் கார்டினல்ஸ், பேஸ்பால் கார்டினல்ஸ்னு பிரிச்சுச் சொல்லி சமாளிச்சுக்கிட்டாங்க. அவங்களே 1988ல அரிசோனா போயி ஃபீனிக்ஸ் கார்டினல்ஸ் ஆனாங்க, 1994ல முன்பாதிய மட்டும் அரிசோனான்னு மாத்துனாங்க. மாநிலம் முழுக்க டிக்கெட் விக்கணும்ல, அது போக ஸ்டேடியமே ஃபீனிக்ஸ்ல இல்ல, பக்கத்துல டெம்பில இருந்துச்சு. பாஸ்டன் பேட்ரியட்ஸ் 1971ல நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஆனதும் இதே கணக்குதான், நியூ இங்கிலாந்துன்னு சொல்ற அந்தப் பகுதியோட ஆறு மாநிலத்துக்கும் சேத்து ஒரே டீம்.

ஆயிலர்ஸ் கதை கொஞ்சம் வயித்தெரிச்சல். ஓனர் பட் ஆடம்ஸ் எண்ணெய்ல சம்பாதிச்ச ஆளு, ஊரும் எண்ணெய் ஊரு, பேரு அவ்வளவு பொருத்தம். அவருக்குப் புது ஸ்டேடியம் வேணும், ஹூஸ்டன் கட்டித்தர மாட்டேன்னுச்சு, நாஷ்வில் கட்டித்தரேன்னுச்சு. (இந்த ஒரு வரிய அப்படியே எடுத்து வேற ஊரு பேரு போட்டா பாதி இடமாற்றக் கதை முடிஞ்சிடும், வரிப்பணத்துல ஸ்டேடியம் கட்டுற ஊருக்குத்தான் டீமு.) 1997ல கிளம்பிட்டாங்க, நாஷ்வில்ல ஸ்டேடியம் ரெடியாகல, முதல் வருஷம் மெம்ஃபிஸ்ல ஆடுனாங்க, அந்த ஊர்க்காரங்க நாளைக்கே நாஷ்வில் போகப்போற டீமுக்கு நாங்க ஏன் கைதட்டணும்னு வரவே இல்ல, அடுத்த வருஷம் நாஷ்வில்ல ஒரு யுனிவர்சிட்டி மைதானம். இந்த ரெண்டு வருஷமும் பேரு டென்னசி ஆயிலர்ஸ், அந்த மாநிலத்துக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்னு யாருக்கும் தெரியாது. 1999ல புது ஸ்டேடியத்தோட சேத்து டைட்டன்ஸ்ங்கிற பேரையும் வெச்சாங்க, நாஷ்வில்லுக்கு தெற்கத்தி ஏதென்ஸ்னு ஒரு பட்டம் உண்டு, பார்த்தினான் கோயில் மாதிரியே ஒண்ணு கட்டி வெச்சிருக்காங்க, அதனால கிரேக்கப் புராணப் பேரு. முதல் சீசன்லயே சூப்பர் பவுல் ஃபைனல் வரைக்கும் போயி கடைசி முயற்சில கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம் முன்னாடி மாட்டித் தோத்தாங்க.

வயித்தெரிச்சல்னு சொன்னேன்ல, அது இதுதான்: பட் ஆடம்ஸ் ஆயிலர்ஸ்ங்கிற பேர தானும் வெச்சுக்கல, ஹூஸ்டனுக்கும் விட்டுக்கொடுக்கல. வேற யாரும் எடுக்கக்கூடாதுன்னு லீக்கும் அந்தப் பேருக்கு ஓய்வு கொடுத்துடுச்சு. அதனாலதான் 2002ல ஹூஸ்டன்ல புது டீம் வந்தப்போ டெக்சன்ஸ்னு வேற பேரு தேட வேண்டியதா போச்சு. 2023ல டைட்டன்ஸ் அந்தப் பழைய வெளிர் நீல ஆயிலர்ஸ் ஜெர்சியப் போட்டுட்டு ஹூஸ்டன் டெக்சன்ஸுக்கு எதிராவே ஆடுனாங்க, ஹூஸ்டன்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்! மேட்ச ஓவர்டைம்ல டெக்சன்ஸ் ஜெயிச்சது மட்டும் ஒரு ஆறுதல். அதே வருஷம் ஹூஸ்டன் யுனிவர்சிட்டி டீம் அந்தக் கலர்ல ஒரு ஜெர்சி போட்டு ஆடுனதுக்கு என்எஃப்எல் வக்கீல் லெட்டர் அனுப்புச்சு. ஊர விட்டுப் போயி கால் நூற்றாண்டு ஆச்சு, கலர் கூட ஊருக்குச் சொந்தமில்ல.

இதுக்கு நேர் எதிரா ஒரு ஊரு ஜெயிச்சுது, அது கிளீவ்லண்ட். பிரவுன்ஸ் டீமோட பேரு அதோட முதல் கோச் பால் பிரவுன் பேருல இருந்து வந்தது. 1995 நவம்பர் 6ஆம் தேதி, சீசன் பாதியில ஓடிட்டு இருக்கும்போதே ஓனர் ஆர்ட் மோடெல் டீம பால்டிமோருக்குக் கொண்டுபோறேன்னு அறிவிச்சாரு. மறுநாளே ஊர் மக்கள் ஸ்டேடியத்த சரி பண்றதுக்கான வரிக்கு ஓட்டுப் போட்டு பாஸ் பண்ணாங்க, அத நினைச்சா பாவமாத்தான் இருக்கு. ஆனா கிளீவ்லண்ட் சும்மா அழுதுட்டு உக்காரல, கேஸ் போட்டுச்சு, ரசிகர்கள் மத்த ஓனர்களையெல்லாம் தொல்ல பண்ணாங்க. 1996 பிப்ரவரில சமரசம் ஆச்சு: மோடெல் பிளேயர்களையும் ஸ்டாஃபையும் கூட்டிட்டுப் போகலாம், ஆனா பிரவுன்ஸ்ங்கிற பேரு, ஆரஞ்சு பழுப்பு கலரு, அத்தனை வருஷ ரெக்கார்டு எல்லாம் கிளீவ்லண்ட்லயே இருக்கும், லீக் 1999க்குள்ள புது டீம் கொடுக்கும். கொடுத்துச்சு.

மோடெல் பால்டிமோருக்கு வந்தப்போ அந்த ஊருக்கும் ஒரு பழைய காயம் இருந்துச்சு. அவங்களோட கோல்ட்ஸ் டீம 1984 மார்ச் மாசம் ஓனர் ராத்திரியோட ராத்திரியா லாரில ஏத்தி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோயிட்டாரு, மாநில அரசு டீமக் கையகப்படுத்த சட்டம் கொண்டுவரப் போகுதுன்னு தெரிஞ்சதும் பண்ண வேல அது. பேரும் அவரோடயே போச்சு. கோல்ட்ஸ்னு வெக்க முடியாது, பிரவுன்ஸ்னும் வெக்க முடியாது, அதனால உள்ளூர் பேப்பர் பால்டிமோர் சன் போன்ல ஓட்டெடுப்பு நடத்துச்சு. முப்பதாயிரத்துக்கு மேல ஆளுங்க போன் பண்ணி ரேவன்ஸ்னு தேர்ந்தெடுத்தாங்க. எட்கர் ஆலன் போ எழுதுன காக்கை பத்துன கவிதையில இருந்து வந்த பேரு அது, அவர் செத்ததும் புதைச்சதும் அந்த ஊர்லதான். ஒரு ஃபுட்பால் டீமுக்கு கவிதையில இருந்து பேரு வந்தது எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விஷயம். மக்கள்கிட்ட கேட்டு வெச்ச பேரு நிலைச்சும் நிக்குது.

கடைசியா வாஷிங்டன். இங்கதான் எல்லாரும் இது அரசியல், இது கலாச்சாரம்னு சண்ட போடுவாங்க. 1932ல பாஸ்டன்ல பிரேவ்ஸ்ங்கிற பேருல ஆரம்பிச்ச டீம், வழக்கம்போல பேஸ்பால்கிட்ட இரவல் வாங்குன பேரு, அடுத்த வருஷம் வேற மைதானத்துக்குப் போனதும் ரெட்ஸ்கின்ஸ்னு மாத்துனாங்க, 1937ல வாஷிங்டன் போனாங்க. அந்த வார்த்தை அமெரிக்கப் பூர்வகுடி மக்களத் தோல் நிறத்த வெச்சுத் திட்டுற சொல்லு. அந்த ஓனர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் கறுப்பின பிளேயர்கள சேக்கவே மாட்டேன்னு அடம் புடிச்சு, லீக்லயே கடைசியா 1962லதான் சேத்தாரு, அதனால பேர நல்ல எண்ணத்துல வெச்சாருன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

பூர்வகுடி மக்கள் பல வருஷம் போராடுனாங்க, 1992ல ட்ரேட்மார்க்க ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டாங்க, 2014ல ட்ரேட்மார்க் ஆபீஸ் ரத்தும் பண்ணுச்சு. ஆனா 2017ல வேற ஒரு கேஸ்ல, ஆசிய வம்சாவளி ராக் பேண்ட் ஒண்ணு தங்களோட பேருக்காகப் போட்ட கேஸ்ல, இழிவான பேருக்கு ட்ரேட்மார்க் கிடையாதுங்கிற சட்டமே பேச்சுரிமைக்கு எதிரானதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, உடனே டீமும் தப்பிச்சுடுச்சு. நடுவுல 2016ல வாஷிங்டன் போஸ்ட் எடுத்த சர்வேல பூர்வகுடிகள்ல பத்துக்கு ஒன்பது பேர் அந்தப் பேரு தங்களுக்கு உறுத்தலன்னு சொன்னதா வந்துச்சு, அது சரியான சர்வேயான்னு தனிச் சண்ட. ஓனர் டேன் ஸ்னைடர் 2013லயே ஒரு பேட்டில, மாத்தவே மாட்டேன், பெரிய எழுத்துலயே போட்டுக்கங்கன்னு சொன்ன ஆளு.

அப்புறம் 2020. ஜார்ஜ் ஃப்ளாய்ட்ங்கிற கறுப்பினத்தவர போலீஸ் கொன்னதுக்கு அப்புறம் நாடே கொந்தளிச்சிட்டு இருந்த நேரம், 62,000 கோடி டாலர் சொத்த நிர்வகிக்கிற முதலீட்டாளர் கூட்டம் ஒண்ணு ஃபெட்எக்ஸ், நைக்கி, பெப்சி மூணுக்கும் லெட்டர் போட்டு இந்த டீமோட உறவ முறிங்கன்னு கேட்டாங்க. அப்போ ஸ்டேடியத்துக்கே ஃபெட்எக்ஸ் ஃபீல்டுன்னுதான் பேரு இருந்துச்சு. ஜூலை 2ஆம் தேதி ஃபெட்எக்ஸ் பேர மாத்தச் சொல்லி வெளிப்படையா கேட்டுச்சு, நைக்கி தன்னோட வெப்சைட்ல இருந்து ஜெர்சியெல்லாம் தூக்குச்சு, அமேசானும் வால்மார்ட்டும் விக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஜூலை 13, பேரு போச்சு. இருபது முப்பது வருஷம் போராட்டமும் கோர்ட்டும் சாதிக்காதத ஸ்பான்சர்கள் ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சாங்க. போராடுனவங்க இல்லன்னா அந்த லெட்டரே வந்திருக்காது, அதையும் சொல்லணும், ஆனா ஓனர் காதுல விழுந்தது காசுச் சத்தம்தான்.

புதுப் பேரு ரெடியா இல்லாததால ரெண்டு சீசன் வாஷிங்டன் ஃபுட்பால் டீம்ங்கிற பேருலயே ஆடுனாங்க, கடைக்கு கடைனே பேரு வெச்ச மாதிரி. 2022 பிப்ரவரி 2ல கமாண்டர்ஸ்னு அறிவிச்சாங்க, ரசிகர்கள் பாதிப் பேர் முகம் சுளிச்சாங்க. 2023ல ஸ்னைடர் 605 கோடி டாலருக்கு டீம வித்துட்டுப் போயிட்டாரு, புது ஓனர் ஜாஷ் ஹாரிஸ் வந்ததும் திரும்ப மாத்துவாருன்னு எதிர்பாத்தாங்க, 2025ல டீம் நல்லா ஆடி செமிஃபைனல் மாதிரியான கட்டம் வரைக்கும் போனதும் கமாண்டர்ஸே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. ஜெயிக்கிற டீமோட பேரு தானா நல்லாத் தோணும் போல. சீஃப்ஸ் இன்னும் அதே பேருதான், 2020ல ஸ்டேடியத்துக்குள்ள இறகுத் தலப்பாகை, முகத்துல பூர்வகுடி மாதிரி பெயின்ட் இதையெல்லாம் மட்டும் தடை பண்ணாங்க.

நீங்க ரெக்கார்டு எதையாவது தேடிப் பாக்கும்போது ஒரு விஷயத்த ஞாபகம் வெச்சுக்கங்க. சாதாரணமா ரெக்கார்டு ஊரோட இருக்காது, டீமோட போகும். ஹூஸ்டன்ல ஆடுன வாரன் மூனோட சாதனையெல்லாம் டென்னசி டைட்டன்ஸ் கணக்குலதான் இருக்கும். பால்டிமோர்ல காலத்த ஓட்டுன ஜானி யூனிடாஸோட பாஸெல்லாம் அவர் ஒரு நாளும் ஆடாத இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் கணக்குல இருக்கும், அவருக்கு அது கடைசி வரைக்கும் புடிக்கல, அந்த டீமோட ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு இருந்துட்டாரு. ரேவன்ஸ் டீம 1996ல பொறந்ததாதான் கணக்கு வெப்பாங்க, பிளேயர்லாம் முந்தின வருஷம் பிரவுன்ஸுக்கு ஆடுனவங்களா இருந்தாலும். பிரவுன்ஸ் பக்கத்துல 1996, 97, 98 மூணு சீசனும் காலியா இருக்கும், அது யாரும் டைப் பண்ண மறந்தது இல்ல.